ட்ரிப்ஸ் பாட்டிலில் உப்பு எதற்கு?

பெங்களூரு வைட்ஃபீல்ட் ஆஸ்பத்திரியில் தொங்கும் சலைன் பாட்டிலைப் படித்துப் பாருங்கள். 100 மில்லிக்கு 0.9 கிராம் உப்பு. வெறும் தண்ணீரை ஏற்றினால்?

சிவப்பணுக்கள் ஊதி வெடித்துவிடும். செல்லுக்குள் அடைந்திருக்கும் புரதங்கள் தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும்.

அப்படியானால் மற்ற நாட்களில் ஏன் வெடிப்பதில்லை? 2022 செப்டம்பர் வெள்ளத்தில் இந்தப் பக்கத்து பேஸ்மென்ட்களில் மோட்டார் வைத்து இறைத்தார்களே, செல்லின் சவ்விலும் அப்படி மோட்டார்கள் உண்டு. ஆனால் இவை தண்ணீரைத் தொடுவதே இல்லை! சுற்றுக்கு 3 சோடியத்தை வெளியே தள்ளி, 2 பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும். செல்லுக்குள் உப்பு குறைந்தால் தண்ணீர் தானே அடங்கும்.

1957இல் நண்டு நரம்பில் இந்த மோட்டாரைக் கண்ட யென்ஸ் ஸ்கோவுக்கு நோபல் கிடைத்தது 1997இல்.

கரண்ட் போனால் மோட்டார் நிற்குமல்லவா? பக்கவாதத்தில் ரத்தம் தடைபட்டு, இந்த மோட்டார்களுக்கு ஆற்றல் கிடைக்காமல் போனதும் மூளைச் செல்கள் வீங்கத் தொடங்குவது அதனால்தான்.