ஈரத்தை அகற்றும் எண்ணெய்: பயனும் எச்சரிக்கையும்

வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் பதுளைப் பகுதிக் கமக்காரரின் இரும்புக் கருவிகளுக்குத் துருவே பெரும்பகை. இரும்புக் கடைகளில் விற்கப்படும் 'டபிள்யூ.டி.-40' என்னும் தெளிப்பெண்ணெய் இதற்கு உதவும். அது 1953ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில், ஈரத்தை அகற்றித் துருவைத் தடுக்கும் பொருட்டு ஆக்கப்பட்டது. நாற்பதாம் முயற்சியில் கலவை கைகூடியதால் அவ்வெண் பெயரில் நிலைத்தது.

மண்வெட்டியைக் கழுவித் துடைத்து, அலகில் இதனை மெல்லியதாகத் தெளித்து வைத்தால் துரு அணுகாது. மறுநாள் களிமண்ணும் எளிதில் ஒட்டாது. மழையில் நனைந்து இறுகிய பூட்டும், துருவேறிய திருகாணியும் சிறிது நேரம் ஊறினால் இளகும். கவ்வாத்துக் கத்தியிற் படிந்த பிசினையும் இதனால் துடைத்தெடுக்கலாம்.

ஆயினும் இது நீடித்து நிற்கும் மசகெண்ணெய் அன்று. துருநீக்கிய கிணற்றுக் கப்பிக்குப் பின்னர் கிரீசு இடுதல் வேண்டும். மருந்து தெளிகருவியின் இறப்பர் வளையங்களில் இது படலாகாது. இயற்கை இறப்பர் ஊதிக் கெடும். மூட்டுவலிக்குப் பூசுவோரும் உளர், இது மருந்தன்று.

யாவற்றினும் முக்கியமானது, இது எளிதில் தீப்பற்றும் என்பதே. லயன் அறைகளில் விறகடுப்பும் படுக்கையும் அருகருகே உள்ளமையால், வெளியிலேயே தெளித்தல் வேண்டும். வெற்றுக் குப்பியை அடுப்பிலிட்டால் வெடிக்கும். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில், வெயிற்படாது வைத்தல் நன்று.

இதனை வாங்க இயலாதோர் வருந்த வேண்டியதில்லை. உலர்ந்த மண்வெட்டிக்குத் தேங்காயெண்ணெய் தோய்ந்த கந்தைத் துணியே போதும்.