நரியைச் சொல்லாத கதை

படக்கதைப் புத்தகம் வகுப்புக்கு வந்தால் பெரும்பாலும் நடப்பது இதுதான். ஆசிரியர் மளமளவென்று வாசித்து முடிப்பார். புத்தகத்தை மூடிவிட்டு, "இந்தக் கதையிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டீங்க?" என்று கேட்பார். "பொய் சொல்லக் கூடாது டீச்சர்!" என்று பிள்ளைகள் ஒரே குரலில் சொல்வார்கள். கதையைக் கேட்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைக்கும் இந்தப் பதில் தெரியும். அப்படியானால் அந்தப் படங்களுக்கு என்னதான் வேலை?

நீதியை ஒத்திவைத்துவிட்டுப் படத்துக்கு வேலை கொடுத்தால், கதைப் புத்தகமே மொழிப் பாடமாகும், கணக்காகும், அறிவியலாகும். உலகம் முழுக்க வகுப்பறைகளில் புழங்கும் மூன்று புத்தகங்களைப் பார்ப்போம்.

கோழி அறியாத நரி

இங்கிலாந்தைச் சேர்ந்த பாட் ஹட்சின்ஸ் எழுதி வரைந்த 'ரோஸீஸ் வாக்' 1968இல் வெளிவந்தது. ரோஸி என்ற கோழி உலாவக் கிளம்புகிறது. முற்றத்தைக் கடந்து, குளத்தைச் சுற்றி, வைக்கோல் போரில் ஏறி இறங்கி, தேனீப் பெட்டிகளுக்கு அடியில் புகுந்து, சாப்பாட்டு நேரத்துக்கு வீடு வந்து சேர்கிறது. கதை முழுவதும் ஒரே வாக்கியம்தான்.

படத்திலோ ஒரு நரி கோழியின் பின்னாலேயே வருகிறது. பாயும்போதெல்லாம் அதற்கு அடி: குளத்தில் விழுகிறது, வைக்கோலில் புதைகிறது, தலையில் மாவு கொட்டுகிறது. நரி என்ற சொல் எழுத்தில் ஓரிடத்திலும் கிடையாது.

ஆசிரியர் எழுத்தை மட்டும் நிதானமாக வாசித்தால் போதும், "டீச்சர், பின்னாடி நரி!" என்று வகுப்பே கத்தும். அப்போது கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள்: 'அடுத்து என்ன ஆகும்?', 'எதை வச்சு அப்படிச் சொல்றே?' இரண்டாவது கேள்விதான் முக்கியம். பிள்ளை படத்தில் தடயம் தேடும்; தேடியதைச் சொல்லில் வைக்கும். மறுமுறை புரட்டும்போது நரியின் கதையைப் பிள்ளைகளையே எழுதச் சொல்லலாம்.

பூஜ்ஜியத்தைப் பார்ப்பது

ஜப்பானிய ஓவியர் மிட்சுமாசா அன்னோ, முன்பு பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1975இல் வந்த அவருடைய எண் புத்தகத்தில் கதைவரி ஏதும் இல்லை. ஒன்றிலிருந்தும் அது தொடங்கவில்லை. முதல் படத்தில் பனி மூடிய வெளியும் ஓர் ஆறும் மட்டுமே. வீடில்லை, மரமில்லை, ஆளில்லை. அதுதான் பூஜ்ஜியம். பக்கம் புரண்டதும் அதே இடத்தில் ஒரு வீடு, ஒரு மரம். பிறகு இரண்டு, மூன்று என்று ஊரே எழும்புகிறது. பருவங்கள் மாறி 12இல் மீண்டும் பனி. ஓரத்தில் கட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. பத்தைத் தாண்டியதும் பக்கத்தில் புது அடுக்கு.

'பூஜ்ஜியம் என்றால் ஒன்றுமில்லை' என்று கரும்பலகையில் எழுதுவதற்கும், ஒன்றுமில்லாத இடத்தில் ஒன்று வந்து நிற்பதைக் கண்ணால் பார்ப்பதற்கும் எவ்வளவோ தூரம். "ஏழாம் பக்கத்துல எதெல்லாம் ஏழு இருக்கு?" என்று கேட்டால் அந்த வகுப்பு முழுவதும் அதிலேயே ஓடிவிடும்.

பிழையும் பாடம்தான்

எரிக் கார்லின் பசித்த புழு 1969இல் பிறந்தது. திங்கள் ஓர் ஆப்பிள், செவ்வாய் இரண்டு பேரிக்காய் என்று ஏறி, வெள்ளிக்கிழமை ஐந்து ஆரஞ்சில் நிற்கிறது. கூட்டினால் 15 பழங்கள். புழு தின்ற இடத்தில் தாளிலேயே ஓட்டை; பிள்ளைகள் விரலை விட்டே எண்ணிவிடுவார்கள்.

அறிவியல் வகுப்புக்கோ அதில் வேறு தீனி இருக்கிறது. கதையில் புழு தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொண்டு, பிறகு வண்ணத்துப்பூச்சியாக வெளியே வருகிறது. பட்டுப்பூச்சி போன்ற அந்துப்பூச்சிகள்தான் பெரும்பாலும் நூலால் கூடு கட்டும். வண்ணத்துப்பூச்சியின் புழு கடைசித் தோலை உரித்துவிட்டுக் கூட்டுப்புழுவாகத் தொங்கும். பள்ளி வளாகத்தில் கறிவேப்பிலையோ எருக்கோ இருந்தால் நேரிலேயே தேடிப் பார்க்கலாம். அச்சில் வந்ததையும் சரிபார்க்க வேண்டும் என்பதை வேறெப்படிக் கற்றுக்கொடுப்பது?

நம் வகுப்பில்

புத்தகத்துக்கு இங்கே பஞ்சமில்லை. 2023இல் தொடங்கிய தமிழக அரசின் வாசிப்பு இயக்கம், நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை வாரியாகப் புத்தகங்களைப் பள்ளிகளுக்குக் கொடுத்திருக்கிறது. சென்னையின் தூலிகா 1996 முதல் படக்கதைகளை வெளியிடுகிறது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம். ஸ்மார்ட் போர்டு இருந்தால் படத்தைப் பெரிதாகவே காட்டலாம். இல்லாவிட்டால் பிள்ளைகளை நெருக்கி உட்காரவைத்து, படம் அவர்கள் பக்கம் இருக்கும்படி பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க ஓர் எளிய சோதனை உண்டு. எழுத்தைக் கையால் மறைத்துவிட்டுப் படங்களை மட்டும் புரட்டுங்கள். எழுத்து சொல்லாத எதையாவது படம் சொன்னால், அது வகுப்புக்கு ஆகும். எழுத்தில் இருப்பதையே படமும் திருப்பிச் சொன்னால், அதை வைத்து நீதிக் கேள்வி ஒன்றுதான் கேட்க முடியும். அதற்குப் பதில் ஏற்கெனவே வகுப்புக்கே தெரியும்.