நெருப்புக் குதிரை ஆண்டு

ஜப்பானில் 1965-இல் 18.2 லட்சம் குழந்தைகள் பிறந்தன. மறு ஆண்டு 13.6 லட்சம்தான். அதற்கடுத்த 1967-இல் 19 லட்சத்தைத் தாண்டிவிட்டது. இடையில் போரோ பஞ்சமோ கொள்ளைநோயோ வரவில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கை நடத்தி முடித்து, ஷின்கான்சென் அதிவேக ரயிலையும் ஓடவிட்டிருந்த நாடு அது. 1966 செய்த குற்றம் ஒன்றே ஒன்று: அது ‘ஹினோஎ உமா’, அதாவது நெருப்புக் குதிரை ஆண்டு.

நமக்குப் பிரபவ முதல் அட்சய வரை இருப்பதுபோல, கிழக்காசியாவிலும் அறுபது ஆண்டுச் சுற்று ஒன்று உண்டு. அதில் நெருப்பும் குதிரையும் ஒருமுறைதான் சேரும். அப்போது பிறக்கும் பெண் அடங்காப்பிடாரி, கட்டியவனின் உயிரைக் குடிப்பவள் என்பது ஜப்பானியர் நம்பிக்கை. ஆணுக்கு இந்தத் தோஷம் கிடையாது, வழக்கம்போல! மூல நட்சத்திரப் பெண் என்றால் மாமனாருக்கு ஆகாது என்று ஜாதகத்தை மூடிவைக்கும் ஊர்க்காரர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை. 17-ஆம் நூற்றாண்டில் எடோ (இன்றைய டோக்கியோ) நகரக் காய்கறி வணிகர் ஒருவரின் மகள் ஒஷிச்சி, காதலனை மறுபடி பார்ப்பதற்காகத் தீவைத்து, அதற்குத் தண்டனையாக எரித்துக் கொல்லப்பட்டாள். அவள் 1666 என்னும் குதிரை ஆண்டில் பிறந்தவள் என்ற கதை நாடக மேடைகள் வழியே பரவி, பயத்துக்கு உரம் போட்டது.

மூடநம்பிக்கைக்கு அறிவியல் வழக்கமாகச் சொல்லும் காரணம் நிச்சயமின்மை. டிரோப்ரியாண்ட் தீவு மீனவர்கள் அமைதியான காயலில் வலை வீசும்போது மந்திரம் சொல்வதில்லை, ஆபத்தான ஆழ்கடலுக்குப் போகும்போதே சடங்குகள் செய்கிறார்கள் என்று மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி கவனித்தார். 1948-இல் உளவியலாளர் ஸ்கின்னர், பசித்த புறாக்களுக்கு அவை என்ன செய்தாலும் குறித்த இடைவெளியில் இரை விழும்படி வைத்தார். ஒரு புறா சுற்றிச் சுற்றி வரத் தொடங்கியது; இன்னொன்று கூண்டின் மூலையை நோக்கித் தலையை நீட்டிக்கொண்டே இருந்தது. தாம் செய்ததால்தான் இரை வந்தது என்று அவை ‘கற்றுக்கொண்டன’ என்பது ஸ்கின்னரின் விளக்கம். பின்னால் வந்தவர்கள் அதை மறுத்ததும் உண்டு.

ஆனால் புறாவை வைத்து 1966-ஐப் புரிந்துகொள்ள முடியாது. அதற்கு முந்தைய குதிரை ஆண்டான 1906-இல் பிறப்பு சற்றேதான் குறைந்தது. பெண் பிறந்த வீட்டார் பலர், பிறந்த ஆண்டை முன்னேயோ பின்னேயோ தள்ளிப் பதிவு செய்து சமாளித்தார்கள். அறுபது ஆண்டுகள் கழித்து, படிப்பும் தொழில்வளமும் பெருகிய நாட்டில் பிறப்பு கால்வாசி சரிந்தது. கருத்தடை பரவியிருந்தது, 1948 முதல் கருக்கலைப்புக்கும் சட்டம் இடம் கொடுத்திருந்தது. பழைய பயத்துக்குப் புதிய மருத்துவம் கைகொடுத்தது. வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று அறிய அன்று எளிய வழியில்லை. அதனால் தோஷமில்லாத ஆண் குழந்தைகளும் சேர்ந்தே தவிர்க்கப்பட்டார்கள்.

இத்தனை தம்பதிகளும் குதிரையை மனதார நம்பினார்களா? அப்படி நம்பியிருக்கத் தேவையில்லை என்பதுதான் விஷயம். “எனக்கு நம்பிக்கையில்லை, நாளைக்குப் பெண் கேட்டு வருகிறவர்கள் நம்பினால்?” என்ற ஒரு கேள்வி போதும். எல்லோரும் அடுத்தவரின் நம்பிக்கைக்குப் பயந்தால், நம்புகிறவர் ஒருவர்கூட இல்லாத ஊரிலும் சகுனம் செல்லுபடியாகும். ராகு காலத்தில் நிச்சயதார்த்தம் வைக்காத நாத்திகர்களைக் கேட்டால் இந்தக் கணக்கைத் தெளிவாகச் சொல்வார்கள்.

சீனர்களின் டிராகன் ஆண்டு இதற்கு நேர்மாறு. அது அதிர்ஷ்ட ஆண்டு என்று தைவானிலும் சிங்கப்பூர்ச் சீனரிடையிலும் பிறப்பு கூடுகிறது. நம்பிக்கை பழையது, ஆனால் இந்த ஏற்றம் புள்ளிவிவரங்களில் தெளிவாகத் தெரிந்தது 1976-இலிருந்துதான், குடும்பக்கட்டுப்பாடு வந்த பிறகு. அந்தக் குழந்தைகள் பள்ளியிலும் வேலையிலும் கூடுதல் கூட்டத்தோடு முட்டிமோத வேண்டியிருப்பதை அதிர்ஷ்டத்தில் சேர்ப்பதா என்று தெரியவில்லை.

ஜப்பானியப் பெற்றோர் போட்ட கணக்கு, தரகர் வைத்துப் பெண் பார்க்கும் காலத்துக்கானது. 1960-களின் கடைசியிலேயே காதல் திருமணங்கள் தரகர் வழித் திருமணங்களை முந்திவிட்டன. 1966-இல் பிறந்த பெண்கள் மணவயதுக்கு வந்தபோது ஆண்டைக் கேட்கும் தரகர்களுக்கே வேலை குறைந்திருந்தது. 2026 மறுபடி நெருப்புக் குதிரை ஆண்டு. 1966-இல் தோஷத்துக்குப் பயந்து பிறப்பு விகிதம் பெண்ணுக்குச் சராசரியாக 1.58 குழந்தையாகச் சரிந்தது. 2024-இல், எந்தத் தோஷமும் இல்லாமலே, அது 1.15.