அப்டேட் எங்கிருந்து வருகிறது?

அவசரமாக ஒரு கடிதம் டைப் செய்து கொண்டிருப்பீர்கள். திரையின் மூலையில் சிறிய கட்டம் ஒன்று தோன்றி, புதிய பதிப்பு தயார், இன்ஸ்டால் செய்யலாமா என்று கேட்கும். "போன மாதம்தானே ஒன்று வந்தது, அதற்குள் இன்னொன்றா?" என்று எரிச்சலுடன் அதை மூடிவிடுவீர்கள். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய சிலர் அப்டேட் வசதியையே நிறுத்திவிடுகிறார்கள். அது சரியா? இந்தப் பதிப்புகள் எப்படித் தயாராகின்றன என்று தெரிந்தால் விடை கிடைக்கும்.

எழுதினால் மட்டும் போதாது

புரோகிராமர் எழுதுவது சோர்ஸ் கோட். பெரிய சாப்ட்வேரில் இது ஆயிரக்கணக்கான பைல்களில் இருக்கும். இவற்றைக் கம்பைல் செய்து, ஒன்றாக இணைத்து, சோதித்துப் பார்த்து, இன்ஸ்டால் செய்யத்தக்க பைலாக மாற்றி, சர்வரில் ஏற்ற வேண்டும். பயர்பாக்ஸ் பிரவுசரை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் உட்பட 90க்கும் மேற்பட்ட மொழிகளில் கிடைக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் என மூன்றுக்கும் தனித்தனிப் பைல்கள் வேண்டும். அதாவது ஒரு பதிப்புக்கே 270 பைல்களுக்கு மேல்! கையால் செய்தால் எங்காவது ஒன்று தவறிவிடும். எனவே இந்த வேலையைச் செய்வதற்கென்றே தனி டூல்களை உருவாக்குகிறார்கள்.

மறதியால் பிறந்த டூல்

இவற்றில் மூத்தது மேக் என்னும் புரோகிராம். (ஆப்பிள் நிறுவனத்தின் மேக் கம்ப்யூட்டர் வேறு, இது வேறு.) 1976ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் பெல்ட்மேன் இதை எழுதினார். அவருடைய சக ஊழியர் ஒருவர், புரோகிராமில் இருந்த பிழையைத் திருத்திவிட்டு, அதை மறுபடி கம்பைல் செய்ய மறந்துவிட்டார். சரியாக இருந்த புரோகிராமில் பிழை தேடி ஒரு காலைப் பொழுது முழுவதும் வீணானது. முதல் நாள் மாலை பெல்ட்மேனுக்கும் இதே அனுபவம். எந்தப் பைல் மாறியிருக்கிறது என்று நேரத்தை ஒப்பிட்டுப் பார்த்து, தேவையானதை மட்டும் கம்பைல் செய்யும் டூல் அப்படித்தான் பிறந்தது.

இன்றைய டூல்கள் செய்வது

1. புரோகிராமர் மாற்றத்தைச் சேர்த்தவுடன் தானாகவே கம்பைல் செய்யும்.
2. நூற்றுக்கணக்கான சோதனைகளை ஓட்டும். ஒன்று தோற்றாலும் வேலையை நிறுத்தி எச்சரிக்கும்.
3. பைலுக்கு டிஜிட்டல் கையெழுத்து இடும். வழியில் யாராவது பைலை மாற்றினால் இது காட்டிக்கொடுத்துவிடும்.
4. முதலில் சிலருக்கு மட்டும் அனுப்பி, பிரச்னை இல்லை என்றால் மற்றவர்களுக்கும் அனுப்பும். நண்பருக்கு வந்த அப்டேட் உங்களுக்குச் சில நாள் கழித்து வருவது பெரும்பாலும் இதனால்தான்.

இரண்டு பாடங்கள்

2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேப்பிட்டல் பெரும் சிக்கலில் மாட்டியது. 8 சர்வர்களில் புதிய புரோகிராமைக் கையால் ஏற்றியவர், ஒன்றை விட்டுவிட்டார். அதைச் சரிபார்க்க இன்னொருவர் இல்லை. அந்த ஒரு சர்வரில் இருந்த பழைய புரோகிராம் தாறுமாறாகப் பங்குகளை வாங்கி விற்றது. சுமார் 45 நிமிடத்தில் நடந்த இந்தக் குளறுபடியால் ஏற்பட்ட நஷ்டம் 46 கோடி டாலருக்கும் மேல்.

அப்படியானால் எல்லாமே தானாக நடந்தால் போதுமா? போதாது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு சாப்ட்வேர் நிறுவனத்தின் அப்டேட் ஒன்று, சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களை முடக்கியது. விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் திணறின. சோதித்துப் பார்க்கும் புரோகிராமிலேயே பிழை இருந்தது. போதாக்குறைக்கு, அப்டேட்டைப் படிப்படியாக அனுப்பாமல் ஒரே நேரத்தில் அனுப்பிவிட்டார்கள். டூல் நல்லதை மட்டுமல்ல, தவறையும் வேகமாகக் கொண்டு சேர்க்கும். நான்காவது படி ஏன் தேவை என்று இப்போது புரிகிறதல்லவா?

நீங்கள் செய்ய வேண்டியது

அப்டேட்டை நிறுத்தாதீர்கள். பல அப்டேட்கள் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கவே வருகின்றன. ஓட்டை இருப்பது வெளியே தெரிந்த பிறகு, பழைய பதிப்பை வைத்திருப்பவர்கள்தான் முதலில் மாட்டுவார்கள். முக்கியமான வேலை இருந்தால் ஓரிரு நாள் தள்ளிப்போடலாம். விண்டோஸ் அப்டேட் பகுதியில் அதற்கு வசதி உண்டு.

செட்டப் பைலை டவுன்லோட் செய்தால், அதன் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்டீஸ் செல்லுங்கள். டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் டேபில் தயாரித்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வேறு பெயர் இருந்தால் இன்ஸ்டால் செய்ய வேண்டாம்.

எந்த டூலும் ஒரு நாள் தவறலாம். எனவே உங்கள் போட்டோக்களுக்கும் கடிதங்களுக்கும் தனியாக ஒரு காப்பி எடுத்து வையுங்கள். அதன் பிறகு அந்தச் சிறிய கட்டம் தோன்றினால், தயங்காமல் சரி என்று கிளிக் செய்யலாம்.