காய்ச்சலோடு மலை ஏற வேண்டாம்

உடப்புசல்லாவையில் மரதன் ஓட்டப் பயிற்சிக்கென்று தனி மைதானம் தேட வேண்டியதில்லை. தோட்ட லயத்திலிருந்து பள்ளிக்கூடம் போகும் பாதையே ஏற்றமும் இறக்கமுமாகக் கிடக்கிறது. சுமார் 1,500 மீற்றர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. அந்தக் காற்றில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் உடல் குறைந்த ஒட்சிசனுக்குப் பழகியிருக்கும். குமார் சண்முகேஸ்வரன், வேலு கிருஷாந்தினி என்று நெடுந்தூர ஓட்டத்தில் நாடறிந்த பெயர்களை மலையகம் தந்திருக்கிறது. அவர்களைப் பார்த்து ஓடத் தொடங்கும் பிள்ளைகளுக்கு, கொவிட்-19 காலம் கற்றுத் தந்த ஒரு பாடத்தைச் சொல்லியாக வேண்டும்: கால்களின் பலத்தை வைத்து இதயத்தின் நலத்தை அளந்துவிட முடியாது.

உடற்பயிற்சி நோயிலிருந்து காக்கிறது என்பதில் ஐயமில்லை. கலிபோர்னியாவில் கொவிட் கண்ட 48,440 பேரை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வில், உடலுழைப்பே இல்லாமல் இருந்தவர்களின் மரண அபாயம், ஒழுங்காகப் பயிற்சி செய்தவர்களுடையதைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்காக இருந்தது. ஆனால் இந்தப் பாதுகாப்பு, நோய் வருவதற்கு முன் செய்த பயிற்சியால் கிடைப்பது. வைரசு உள்ளே புகுந்த பிறகு செய்யும் கடும் பயிற்சி வேறு கதை.

அந்தக் கதை பழையது. 1970இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதயத்தைத் தாக்கும் கொக்சாக்கி வைரசை எலிகளுக்குச் செலுத்தி, ஒரு பகுதியை நீந்தவிட்டார்கள். நீந்திய எலிகளின் இதயத்தில் வைரசு பல நூறு மடங்கு பெருகியது, இறப்பும் கூடியது. சுவீடனில் 1979க்கும் 1992க்கும் இடையில், வரைபடம் பார்த்துக் காட்டில் ஓடும் போட்டியின் இளம் வீரர்கள் 16 பேர் திடீரென இறந்தார்கள். பலருடைய இதயத் தசையில் அழற்சியின் தடயம் இருந்தது. அங்கே போட்டிகளைச் சில மாதங்கள் நிறுத்தி, உடல்நலம் குன்றிய நாளில் பயிற்சி கூடாது என்று வலியுறுத்தினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அத்தகைய மரணம் நிகழவில்லை.

இதயத் தசை அழற்சி என்பது இதுதான்: வைரசும், அதை எதிர்க்கும் நம் நோயெதிர்ப்புக் கலங்களும் சேர்ந்து தசையைப் புண்படுத்துகின்றன. இதயத்தைச் சீராகத் துடிக்கவைக்கும் மின்னோட்டம் வீங்கிய தசையின் வழியே தடுமாறுகிறது. ஓய்வில் இருப்பவருக்கு இது தெரியாமலே ஆறிவிடலாம். துடிப்பு நிமிடத்துக்கு 170, 180 என்று ஏறும்போது தடுமாற்றம் உயிராபத்தாக மாறக்கூடும். ஆறிய இடத்தில் தழும்பு விழுந்தால், அதுவும் பின்னாளில் தாளத்தைக் கெடுக்கக்கூடும்.

2020இல் இந்த அச்சம் உச்சத்துக்குப் போனது. ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கொவிட் கண்ட 26 வீரர்களின் இதயத்தை எம்.ஆர்.ஐ. மூலம் பார்த்ததில் 4 பேருக்கு அழற்சியின் அடையாளம் தெரிந்தது. பெரிய ஆய்வுகள் வந்ததும் அச்சம் தணிந்தது. 1,597 வீரர்களில் 37 பேருக்கு, அதாவது 2.3 சதவீதத்தினருக்கு அழற்சி என்றது ஒன்று. தொற்றுக்குள்ளான ஏறத்தாழ 3,000 கல்லூரி வீரர்களில் 0.7 சதவீதத்தினருக்கே இதயப் பாதிப்பு இருந்திருக்கலாம் என்றது இன்னொன்று. ஆபத்து அரிது. ஆனால் அந்த 37 பேரில் 9 பேருக்குத்தான் இதயம் சார்ந்த அறிகுறி இருந்தது. மற்றவர்களின் பாதிப்பு பரிசோதனையில்தான் தெரிந்தது.

அப்படியானால் எப்போது மீண்டும் ஓடலாம்? 2020இல் பிரித்தானிய விளையாட்டு மருத்துவர்கள் ஒரு படிமுறை வகுத்தார்கள். குறைந்தது 10 நாள் ஓய்வு, அறிகுறி ஏதுமில்லாத 7 நாள்; அதன்பின் 15 நிமிட மெதுவான பயிற்சி, பிறகு படிப்படியாக 30, 45, 60 நிமிடம். முழுப் பயிற்சிக்குத் திரும்பக் குறைந்தது 17 நாள். அனுபவம் கூடியதும், 2022இல் அமெரிக்க இதயவியல் கல்லூரி இதைவிடத் தளர்வான அறிவுரை தந்தது: அறிகுறியே இல்லாதவர்களுக்கு 3 நாள் ஓய்வு போதும், லேசாக வந்தவர்கள் அறிகுறி தீர்ந்தபின் மெல்லத் தொடங்கலாம். நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, படபடப்பு, மயக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் ஈ.சி.ஜி., இரத்தத்தில் ட்ரோபோனின் அளவு, எக்கோ மூன்றையும் பார்க்க வேண்டும். அழற்சி உறுதியானால் மூன்று முதல் ஆறு மாதம் வரை கடும் பயிற்சியே கூடாது. இந்த எச்சரிக்கை கொவிட்டுக்கு மட்டும் உரியதல்ல. இன்புளுவன்சாவும் இதயத் தசையைத் தாக்கக்கூடியது.

இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்கும்போது காய்ச்சலை மறைத்து மரதன் ஓட வரும் பிள்ளையின் ஆர்வம் நமக்குப் புரியும். ஆனாலும் அன்று அந்தப் பிள்ளையை நிறுத்திவைப்பதுதான் ஆசிரியர் செய்யும் பெரிய உதவி. உயரமான இடத்தில் வழக்கமான ஏற்றம்கூட மூச்சு வாங்க வைப்பதால், மலையகத்தில் நோயால் வரும் மூச்சிரைப்பைக் களைப்பால் வரும் மூச்சிரைப்பாக எண்ணிவிடுவது எளிது. நேற்று சிரமமில்லாமல் ஏறிய மேட்டில் இன்று நிற்க வேண்டியிருந்தால், அதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

ஓடுகிறவர்களைப் பற்றி இவ்வளவு ஆராய்ந்த உலகம், கொழுந்து பறிப்பவர்களைப் பற்றி அதில் ஒரு பங்குகூடக் கேட்கவில்லை. விடியலில் வேலை பிரிக்கும் பிரட்டுக்குப் போய், முதுகில் சுமையோடு சரிவில் ஏறி இறங்கி, தோட்டம் கேட்கும் கிலோவைப் பொழுதுசாய நிறுத்துக் கொடுக்கும் பெண்ணின் நாள், நெடுந்தூர வீராங்கனையின் நாளுக்குக் குறைந்த உழைப்பல்ல. 2020 மார்ச்சில் நாடே ஊரடங்கில் இருந்தபோதும் தேயிலை மலைகளில் வேலை நடந்தது. வீரருக்குக் காய்ச்சல் என்றால் பயிற்சியாளர் ஓய்வு எழுதித் தருகிறார். இவர்களுக்கோ மலைக்குப் போகாத நாளுக்குப் பேர், அதாவது அன்றைய சம்பளம், இல்லை. கிலோ குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். எனவே காய்ச்சலோடும் கூடையை மாட்டிக்கொண்டு போகிறார்கள்.

இதயத் தசைக்கு ஓட்டப் பாதையும் தேயிலை மலையும் ஒன்றுதான். ஆகவே மருத்துவம் வீரர்களுக்கு வகுத்த விதி தோட்டத்துக்கும் வர வேண்டும்: வைரசுக் காய்ச்சலுக்குச் சம்பளத்தோடு ஓய்வு, திரும்பி வரும் முதல் வாரத்தில் குறைந்த கிலோ, நெஞ்சுவலியோ படபடப்போ இருப்பவருக்கு ஈ.சி.ஜி. எடுக்க வழி. அடுத்த பெருந்தொற்று வரும் நாள் நம் கையில் இல்லை. இந்த மூன்றையும் இப்போதே கேட்டுப் பெறுவது நம் கையில் இருக்கிறது.