மாலோ ஆட்டமெட்டும் மதுரை மீனாட்சியும்

துறைகளின் வழியே பண்டங்கள் மாத்திரம் வந்து சேர்வதில்லை, பாட்டுக்களும் வருகின்றன. பூநகரிக்குத் தோணிகள் போய்வந்த கொழும்புத்துறைக் கரையில் வாழும் நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

நம் பிள்ளைகள் வயலின் பழகத் தொடங்குங் காலத்தில், ஆசிரியர் சிலர் 'நோட்டுஸ்வரம்' என்னும் சிறிய உருப்படிகளைச் சொல்லிக் கொடுப்பதுண்டு. "இது வெள்ளைக்காரர் மெட்டல்லவா? நம் பிள்ளைகளுக்கு இது எதற்கு?" என்று பெரியவர் சிலர் முகஞ் சுளிப்பதும் உண்டு. கேள்வி நியாயமானதே. அதற்கான விடை அம்மெட்டுக்களின் வரலாற்றிலேயே இருக்கின்றது.

ஊதாரிகளின் மெட்டு

ஆங்கிலேயரும் அயர்லாந்தவரும் ஆடிய நாட்டு ஆட்டங்களுக்குரிய மெட்டுக்களில் இரு பெரும் இனங்கள் உண்டு. 'ஜிக்' என்பது தகிட தகிட என்று மும்மூன்றாகத் துள்ளிவரும். 'ரீல்' முதலியன தகதிமி தகதிமி என்று நந்நான்காக ஓடும். நம் தாள வழக்கிற் கூறுவதாயின் முன்னது திசிரம், பின்னது சதுசிரம்.

பின்னைய இனத்தைச் சேர்ந்தது 'மாலோ ஊதாரிகள்' என்னும் பொருள்படும் பெயர்கொண்ட மெட்டு. அயர்லாந்தின் தென்பகுதியிலே கோர்க் மாவட்டத்தில் உள்ளது மாலோ. பதினெட்டாம் நூற்றாண்டில் அவ்வூர் ஊற்றுநீரை நாடி நோயாளர் வந்தனர். அவர்களோடு, தந்தையர் தேடிய பொருளைக் குடித்துங் கூத்தாடியுங் கரைக்கும் வாலிபரும் வந்தனர். அவர்களைப் பற்றியதே அப்பாட்டு. அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலண்டனில் அச்சேறிய அம்மெட்டு, பட்டாளத்துக் குழலூதிகளுக்கும் பழக்கமாயிற்று.

மணலியில் நிகழ்ந்த மாற்றம்

பட்டாளம் சென்ற இடமெல்லாம் அதன் பாண்டு வாத்தியமுஞ் சென்றது. சென்னைக் கோட்டையில் அது முழங்கிய காலத்திலே, அருகிலுள்ள மணலியில் இராமசுவாமி தீட்சிதர் குடும்பத்தினர் வாழ்ந்தனர். அவருடைய மைந்தருள் ஒருவரான பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றார். தமையனார் முத்துசுவாமி தீட்சிதரோ (1775–1835) காதில் விழுந்த மெட்டுக்களுக்கு வடமொழியிற் சாகித்தியம் அமைத்தார். அவ்வாறு பிறந்தவை ஏறத்தாழ நாற்பது. ஆங்கிலத்தில் சுரத்தைக் குறிக்கும் 'நோட்' என்னுஞ் சொல்லே இவற்றின் பெயரில் ஒட்டிக்கொண்டது.

மாலோ ஊதாரிகளின் மெட்டு 'வந்தே மீனாக்ஷி' ஆயிற்று. 'கலோபேட்' என்னும் ஆங்கில ஆட்டமெட்டு 'கமலாசன வந்தித' ஆயிற்று. எல்லாவற்றினும் வியப்புக்குரியது ஒன்றுண்டு. மன்னரைக் காக்குமாறு இறைவனை வேண்டும் பிரித்தானியரின் நாட்டுப்பண், தீட்சிதர் கையிலே 'சந்ததம் பாஹிமாம்' என்று சங்கீத சியாமளையைத் துதிக்கும் பாடலாயிற்று. ஆங்கிலேயர் காலத்தில் நம் யாழ்ப்பாணத்துப் பள்ளிப் பிள்ளைகள் எழுந்து நின்று பாடிய மெட்டு அதுவே. மன்னருக்குரிய மெட்டை அவர் அன்றே அம்பாளின் திருவடியில் வைத்துவிட்டார்!

இரவலா, செல்வமா?

ஐரோப்பியரின் 'மேஜர்' சுரவரிசை நமது சங்கராபரணத்தின் ஏழு சுரங்களோடு ஒத்திருப்பதால், இவை அவ்விராகத்தில் எளிதிற் பொருந்தின. ஆயினும் கமகம் இல்லை. சுரங்கள் நேர்நேராக நிற்கும். ஆகவே, சங்கராபரணத்தின் முழு அழகை இவற்றிலே தேடுவோர் ஏமாற்றமடைவர். அதற்கு அவருடைய பெருங்கிருதிகளையே நாடல் வேண்டும். ஆனால், சுரத்தானத்தில் விரலைப் பிசகின்றி வைக்கப் பழகும் சிறுவருக்கு இந்நேர்மையே பெருந்துணை.

பிறர் பொருளை ஏற்பது இழிவு என்பாரை நாம் ஒன்று கேட்போம். இம்மெட்டுக்களோடு வந்த வயலினையும் திருப்பி அனுப்பிவிடலாமா? அது இல்லாத கச்சேரி மேடை இன்று எத்தனை? தீட்சிதர் மெட்டை ஏற்றார்; அதன் பொருளைத் தாமே இட்டார். தன் மரபில் ஆழ வேரூன்றியவருக்குப் புறக்காற்றால் அச்சமில்லை.

ஆதலின், பெற்றோர்களே, பிள்ளைகள் நோட்டுஸ்வரம் வாசிக்கும்போது தடுக்காதீர்கள். மாலோவின் கதையையும் மணலியின் கதையையும் சேர்த்தே சொல்லிக் கொடுங்கள்.