புது ஆள் வந்திருக்கிறார் – 6: யாருடைய பதில் அது?

ஏ.ஐ. கருவியை ஓர் அலுவலகம் எப்படி வாங்குகிறது என்று போன வாரம் பார்த்தோம். வாங்கி வைத்த பிறகு, அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு என்ன ஆகிறது? இதைப் பற்றிக் கருத்துச் சொல்ல ஆட்கள் ஏராளம். உட்கார்ந்து அளந்து பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சத்தில் முக்கியமானவர்கள் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த எரிக் பிரின்யால்ஃப்ஸன், எம்.ஐ.டி.யைச் சேர்ந்த டேனியெல் லீ, லிண்ட்ஸி ரேமண்ட். மூவரும் பொருளாதார ஆய்வாளர்கள். இவர்களுடைய ஆய்வின் முதல் வடிவம் 2023 ஏப்ரலில் வந்தது. 2025-ல் 'குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ்' இதழில் வெளியானது.

ஆய்வு நடந்த இடம் ஒரு வாடிக்கையாளர் சேவை ஃப்ளோர். சிறுதொழில் செய்பவர்களுக்கு மென்பொருள் விற்கும் ஒரு பெரிய நிறுவனம். பெயரை ஆய்வாளர்கள் வெளியிடவில்லை, 'ஃபார்ச்சூன் 500' பட்டியலில் இருப்பது என்று மட்டும் சொல்கிறார்கள். வாடிக்கையாளர்கள் அமெரிக்காவில். சாட்டில் பதில் சொல்பவர்களில் பெரும்பாலோர் பிலிப்பைன்ஸில். மொத்தம் 5,000-க்கும் மேற்பட்ட ஏஜென்டுகள், ஏறக்குறைய 30 லட்சம் உரையாடல்கள். சாட்ஜிபிடி வெளியாகி உலகம் திரும்பிப் பார்த்தது 2022 நவம்பரில்தான். அதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் முன்பே இந்த ஏஜென்டுகளின் திரைக்கு ஜிபிடி குடும்பத்து மாதிரி ஒன்று வந்து சேர்ந்துவிட்டது.

கருவி செய்யும் வேலை எளிமையானது. சம்பளம் போட வேண்டிய நாளில் மென்பொருள் அடம்பிடிக்கிறது என்று வாடிக்கையாளர் கொதிப்போடு தட்டச்சு செய்கிறார். ஏஜென்டின் திரை ஓரத்தில், 'இப்படிச் சொல்லலாம்' என்று ஒரு பதில் தோன்றும். கூடவே, அந்தப் பிரச்சினைக்கான தொழில்நுட்பக் குறிப்பு எங்கே இருக்கிறது என்ற சுட்டியும் வரும். வாடிக்கையாளருக்கு இது எதுவும் தெரியாது. பரிந்துரையை அப்படியே அனுப்பலாம், மாற்றி அனுப்பலாம், கண்டுகொள்ளாமலும் விடலாம். தனக்குப் போதுமான அளவு பழக்கமில்லாத பிரச்சினை வந்தால் கருவி வாயே திறக்காது. இந்த ஒரு குணம் அதற்குப் பின்னால் வந்த பல கருவிகளுக்கு இல்லாமல் போனதுதான் பரிதாபம்.

எல்லோருக்கும் ஒரே நாளில் கொடுக்காமல் அணி அணியாகக் கொடுத்தார்கள். அதனால் கருவி இருப்பவர், இல்லாதவர் என்று பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிந்தது. ஒரு மணி நேரத்தில் தீர்த்துவைக்கும் பிரச்சினைகளின் எண்ணிக்கை சராசரியாக 15 சதவீதம் கூடியது. இந்தச் சராசரியைத்தான் விற்பனைப் பிரதிநிதிகள் தங்கள் ஸ்லைடுகளில் பெரிய எழுத்தில் போட்டுக்கொள்கிறார்கள். எனக்கு அது ஆய்விலேயே சுவாரசியம் குறைந்த எண்ணாகத்தான் தெரிகிறது. பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். ஆய்வின் முதல் வடிவத்தில், புதியவர்களுக்கும் திறன் குறைந்தவர்களுக்கும் கிடைத்த ஏற்றம் 34 சதவீதம். வேலைக்குச் சேர்ந்து இரண்டே மாதம் ஆனவர், கருவி இல்லாமல் ஆறு மாதத்துக்கு மேல் வேலை பார்த்தவருக்கு இணையாக நின்றார். வாடிக்கையாளர்களின் பேச்சில் கடுமை குறைந்தது. 'உன் மேனேஜரைக் கூப்பிடு' என்பதும் குறைந்தது. புதியவர்கள் வேலையை விட்டு ஓடுவதும் குறைந்தது.

சென்னை ஓ.எம்.ஆரில் இரவு ஷிப்ட் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். டிரெய்னிங் முடிந்து, மேற்பார்வையில் வேலை பழகும் நெஸ்டிங் முடிந்து, முதல் முறையாகத் தனியாக ஃப்ளோரில் உட்காரும் அந்த வாரங்கள் கொடுமையானவை. எதிரே இருப்பவர் கத்துகிறார், ஏ.ஹெச்.டி. (ஓர் உரையாடலுக்கு ஆகும் சராசரி நேரம்) ஏறிக்கொண்டே போகிறது, டீம் லீடர் வேறு யாருடைய எஸ்கலேஷனிலோ மாட்டிக்கொண்டிருக்கிறார். அந்த நேரத்தில் காதோரம் வந்து விடை சொல்ல ஒருவர் கிடைத்தால் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

சரி, பழையவர்களுக்கு என்ன கிடைத்தது? அதிக அனுபவமும் திறமையும் உள்ளவர்களுக்கு வேகம் மட்டும் கொஞ்சம் கூடியது. தரம் கொஞ்சம் இறங்கியது.

இந்தப் பட்டியலின் இரண்டு முனைகளையும் சேர்த்து வைத்தால் ஒரு கேள்வி வரும். இரண்டு மாத அனுபவக்காரரின் திரையில் தோன்றிய அந்த நல்ல பதில் யாருடையது? இணையத்தைப் படித்த பொது அறிவு மட்டும் இதற்குப் போதாது. நிறுவனத்தின் பழைய உரையாடல்களைக் கொட்டித்தான் கருவியைப் பழக்கினார்கள். எந்த உரையாடலில் பிரச்சினை தீர்ந்தது, எவ்வளவு நேரத்தில் தீர்ந்தது, பதில் சொன்னவர் முன்வரிசை ஏஜென்டா என்றெல்லாம் அடையாளமிட்டுக் கொடுத்தார்கள். தேர்ந்தவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதைப் பிடிப்பதுதான் அந்தப் பயிற்சியின் நோக்கமே. கருவி வந்த பிறகு உரையாடல்களின் மொழியையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். திறன் குறைந்தவர்களின் எழுத்து திறன் மிகுந்தவர்களின் எழுத்தை நோக்கி நகர்ந்திருந்தது. மேலே இருந்தவர்களின் எழுத்தில் பெரிய மாற்றமில்லை. ஆக, பல வருடம் வசவு வாங்கி, எந்த இடத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும், எந்த இடத்தில் கேட்காமல் நேரே விஷயத்துக்குப் போக வேண்டும் என்று தானாகக் கண்டுபிடித்த மூத்த ஏஜென்டின் பழக்கம்தான் புதியவரின் திரையில் பெட்டி கட்டி வந்திருக்கிறது.

அதற்காக அந்த மூத்தவருக்குத் தனியாக எதுவும் தரப்படவில்லை. இதை நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை, ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். ரேங்கிங் வைத்து இன்சென்டிவ் கொடுக்கும் ஃப்ளோர்களில் நிலைமை இன்னும் மோசம். கீழே இருந்தவர்கள் மேலே ஏறிவிட்டால் முதல் இடத்துக்கும் பத்தாவது இடத்துக்கும் உள்ள இடைவெளி சுருங்கும். தன் திறமையைக் கொடுத்தவருக்கே போனஸ் குறையக்கூடும்.

தொழிலாளியின் கையிலிருக்கும் அறிவை நிர்வாகம் எடுத்துக்கொள்வது புதிதில்லை. ஃபிரெடெரிக் டெய்லர் 1911-ல் வெளியிட்ட 'அறிவியல்முறை மேலாண்மையின் கொள்கைகள்' நூலில் அதை நிர்வாகத்தின் முதல் கடமைகளில் ஒன்றாகவே வைத்தார். தொழிலாளிகளிடம் பரம்பரையாக இருக்கும் அறிவைத் திரட்டி, விதிகளாக எழுதி, நிர்வாகம் வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். ஸ்டாப்வாட்சும் கையுமாக நின்ற அவரைத் தொழிலாளர்களின் நண்பர் என்று யாரும் சொன்னதில்லை. பெத்லெஹம் ஸ்டீல் ஆலையில் இரும்புக் கட்டி தூக்கியவர் ஒருவரை 'ஷ்மிட்' என்று பெயர் மாற்றிக் கதையாகச் சொன்னார்; நாளுக்குப் பன்னிரண்டரை டன் தூக்கியவர் நாற்பத்தேழரை டன் தூக்கினார் என்பது கதை. அதில் மிகைப்படுத்தல் அதிகம் என்று பின்னால் தோண்டிப் பார்த்தவர்கள் காட்டினார்கள். ஆனால் அந்தக் கதையிலும்கூட ஷ்மிட்டின் கூலி ஒரு டாலர் 15 சென்டிலிருந்து ஒரு டாலர் 85 சென்டுக்குப் போகிறது. கூடுதல் உழைப்புக்கு ஏறத்தாழ 60 சதவீதம் கூடுதல் கூலி தர வேண்டும் என்பது டெய்லருக்கே தெரிந்திருந்தது.

தன் திறமை நகலெடுக்கப்படுகிறது என்று தெரிந்து, விலை பேசியவர்களும் இருக்கிறார்கள். 2023-ல் ஹாலிவுட் நடிகர்கள் 118 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முகத்தையும் குரலையும் கணினியில் பிரதி எடுத்துப் பயன்படுத்த வேண்டுமானால் நடிகரின் சம்மதமும் வேண்டும், பணமும் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார்கள். முகத்தின் மீது ஒருவருக்கு உள்ள உரிமை சட்டென்று விளங்கிவிடுகிறது. கோபக்காரரைத் தணிக்கத் தெரிந்த நாலு வாக்கியத்தின் மீது உரிமை கொண்டாடினால் சிரிப்பார்கள். சாட் பதிவுகள் நிறுவனத்தின் சொத்து என்று பணி ஒப்பந்தத்தில் முன்பே கையெழுத்து வாங்கியும் இருப்பார்கள்.

சரி, நியாயம் அநியாயத்தை ஓரமாக வைத்துவிட்டு நிர்வாகத்தின் கண்ணோடே பார்ப்போம். முன்வரிசை ஏஜென்டின் தரம் ஏன் இறங்கியது? கருவி நீட்டும் பதில் அவருடைய சொந்தப் பதிலைவிட ஒரு மாற்றுக் குறைவு. ஆனால் தயாராக இருக்கிறது, ஒரு கிளிக்கில் போய்விடும். எட்டு மணி நேர ஷிப்டில் ஏழாவது மணி நேரத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் அமுக்குவார்கள். அப்படி அமுக்க அமுக்க, புதிய பிரச்சினைக்குப் புதிய பதிலைக் கண்டுபிடிக்கிற ஆள் குறைவார். மென்பொருளின் அடுத்த பதிப்பு வரும்போது கருவிக்குச் சொல்லிக்கொடுக்க யாருடைய உரையாடலை எடுப்பது? முன்வரிசை ஆட்களுக்குப் பரிந்துரைப் பெட்டியை அணைத்துவிட்டு, அவர்களுடைய உரையாடல் பயிற்சிக்குப் போகும் ஒவ்வொரு முறையும் பணம் கொடுக்கலாம். செலவு பெரிதாக ஆகாது என்பது என் எண்ணம். கருவிக்கு மாதச் சந்தா கட்டத் தயங்காத நிறுவனங்களுக்கு இந்த யோசனை மட்டும் கசக்கிறது.

ஆய்வில் எனக்கு நம்பிக்கை தந்த பகுதி ஒன்று உண்டு. மென்பொருள் கோளாறால் அவ்வப்போது கருவி நின்றுபோனது. அந்த நேரங்களில் ஏஜென்டுகள் எப்படி வேலை செய்தார்கள் என்று தனியாக எடுத்துப் பார்த்தார்கள். கருவியோடு சில காலம் பழகியவர்கள், அது இல்லாதபோதும் பழைய நிலைக்கு விழவில்லை. பரிந்துரைகளைப் பார்த்துப் பார்த்து அவர்களே கற்றுக்கொண்டிருந்தார்கள். கருவியை ஊன்றுகோலாக மட்டும் பார்க்கிற நமக்கு இது கொஞ்சம் ஆச்சரியம். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தரும் சீனியர் செய்கிற வேலையில் ஒரு பங்கை இது செய்திருக்கிறது.

இவ்வளவு தூரம் வந்தால், புதியவர்களுக்குப் பொற்காலம் என்றுதான் முடிக்கத் தோன்றும். அதே பிரின்யால்ஃப்ஸன், வேறு இருவரோடு சேர்ந்து 2025 ஆகஸ்டில் இன்னோர் ஆய்வை வெளியிட்டார். அமெரிக்காவில் லட்சக்கணக்கானோரின் சம்பளக் கணக்கைக் கையாளும் ஏ.டி.பி. நிறுவனத்தின் பதிவுகளை எடுத்து, 2022 இறுதிக்குப் பிறகு யாருக்கு வேலை கூடியது, யாருக்குக் குறைந்தது என்று பார்த்தார்கள். ஏ.ஐ. அதிகம் நுழையக்கூடிய வேலைகளில், 22 முதல் 25 வயதுக்காரர்களின் வேலைவாய்ப்பு மற்றவர்களோடு ஒப்பிடும்போது 13 சதவீதம் சரிந்திருந்தது. மென்பொருள் எழுதுபவர்களும் வாடிக்கையாளர் சேவைக்காரர்களும் அதில் அடக்கம். அதே வேலைகளில் மூத்தவர்களுக்குப் பாதிப்பில்லை. வட்டி விகிதம் ஏறியது, கோவிட் காலத்தில் தேவைக்கு மேல் ஆளெடுத்தது என்று வேறு காரணம் காட்டுபவர்களும் உண்டு. நிறுவனத்துக்கு நிறுவனம் வரும் ஏற்ற இறக்கத்தைக் கழித்துப் பார்த்த பிறகும் சரிவு தெரிகிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

புதியவரை இரண்டே மாதத்தில் தேற்றிவிடும் கருவி வந்த வேலைகளிலேயே புதியவரை எடுப்பது குறைகிறது. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பத்துப் பேர் செய்ததை ஒன்பது பேர் செய்ய முடியும் என்றால், உள்ளே இருப்பவரை அனுப்புவதைவிட வெளியே நிற்பவரை எடுக்காமல் விடுவது எந்த ஹெச்.ஆருக்கும் எளிது. சத்தம் வராது, செய்தியும் வராது. கல்லூரி முடித்த கையோடு பெருங்குடிக்கோ சிறுசேரிக்கோ கேப் ஏறிப் போவதை முதல் வேலையாகக் கொண்ட ஊர் நம்முடையது.

சத்தத்தோடு செய்தவர்களும் இருக்கிறார்கள். 700 ஏஜென்டுகளுக்குச் சமமான வேலையை எங்கள் ஏ.ஐ. பார்க்கிறது என்று 2024 பிப்ரவரியில் அறிவித்தது ஸ்வீடனின் க்ளார்னா. 2025-ல் அதே நிறுவனம் மறுபடி மனிதர்களைத் தேடக் கிளம்பியது. நடுவில் நடந்தது அடுத்த வாரம்.

(தொடரும்)